உள்ளே வர அனுமதி கேட்ட நாள்

சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை என் மேசைக் கணினி எழும்பவில்லை. சுவிட்சைப் போட்டேன், உள்ளே விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே கிடந்தது. கட்டுகஸ்தோட்டையில் இருக்கிற கணினி திருத்துநரிடம் அதைத் துவாயால் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். அவர் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுக்கு இனி பார்ட்ஸ் கெடைக்காது. புதுசு வாங்கினாலும் இதுல இருக்கிற பழைய சொப்ட்வெயார் அதுல ஏறாது" என்றார்.

அந்த மென்பொருள் இறுவட்டில், அதாவது சீடியில், வந்தது. எழுதுவதற்கு ஒன்று, அட்டவணை போடுவதற்கு ஒன்று, திரையில் காட்டுவதற்கு ஒன்று. அதற்குமேல், ஓர் அச்சகத்தில் கெஞ்சி வாங்கிய தமிழ் எழுத்துரு. அந்த எழுத்துருவில் அடித்ததை வேறு கணினியில் திறந்தால் தமிழ் இருக்காது. ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாகச் சிதறிக் கிடக்கும். இதை ஒரு குறை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்து வெறும் மேசைக்கு முன்னால் இருந்தேன். எங்கள் வீடு ஹந்தானைப் பக்கம் ஏறுகிற ஒழுங்கையில் இருக்கிறது. யன்னலால் பார்த்தால் நல்ல நாளில் கண்டி வாவியின் ஒரு மூலை தெரியும். அன்று மழைப்புகார் மட்டும்தான் தெரிந்தது.

என் மனைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. கோயில் மாதர் சங்கத்தில் யார் எந்த நாளுக்குப் பொங்கல், யார் பூ என்பதையெல்லாம் தன் டெப் கணினியில் ஓர் இணைய அட்டவணையில் போட்டு வைத்திருப்பவள். அவள் அடுப்படியிலிருந்து வந்து நின்று பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, செத்தவீட்டில இருக்கிறமாதிரி ஏன் இருக்கிறியள்? இந்தாங்கோ, இதில எழுதுங்கோவன்."

"அதில எழுத்துரு இருக்கோ?"

"எழுத்துருவும் இல்லை, இறுவட்டும் இல்லை. விரலை வைச்சா எழுத்து வரும்."

"எங்க சேமிக்கிறது?"

"அது தானாச் சேமிக்கும். உங்களைப்போல வரிக்கு வரி பயந்து அமத்தத் தேவையில்லை."

நம்பாமல்தான் வாங்கினேன். உலாவியில் ஒரு வெள்ளைப் பக்கம் திறந்தது. "கண்டியில் மழை பெய்கிறது" என்று அடித்தேன். அடுப்படியிலிருந்து அவள், "ஓம், பெய்யுதுதான்" என்றாள். எழும்பிப் போய்ப் பார்த்தேன். அவளுடைய கைபேசித் திரையில் என் வசனம் இருந்தது. கூட்டெழுத்துக் குலையாமல், கொம்பு கழலாமல், அதே எழுத்து.

நான் திரும்ப ஓடிவந்து இன்னொரு வசனம் அடித்தேன். திரும்ப அடுப்படிக்கு ஓடினேன். அதுவும் வந்திருந்தது. எழுபதைத் தாண்டிய மனிதன், நடுவில் கதிரையில் காலை இடித்துக்கொண்டு, இரண்டு அறைக்கும் நடுவே ஓடுவதை அயலவர் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. மறுபடி வந்து இருந்தபோது என் வசனங்களுக்குக் கீழே, நான் தொடாமலேயே, எழுத்து எழுத்தாக ஒரு வரி முளைத்தது: "தேத்தண்ணி ஆறுது."

அந்த வரியைப் பார்த்து நான் சத்தமாகச் சிரித்தேன். அரசாங்கக் கந்தோர் வாழ்க்கை முழுக்க நான் பார்த்த மென்பொருள்களில் ஒன்றுகூட இப்படி ஒரு வேலையைச் செய்ததில்லை. ஒரு கோப்பு ஒருவர் கையில் திறந்திருந்தால் மற்றவருக்குப் பூட்டிக்கொள்ளும். டிஸ்கட்டில் போட்டுக் கொண்டுபோக வேண்டும், திருத்தி வேறு பெயரில் வைக்க வேண்டும், கடைசியில் எது கடைசிப் பிரதி என்று சண்டை பிடிக்க வேண்டும். இங்கே ஒரே பக்கம். அது யாருடைய மேசையிலும் இல்லை.

சிரித்து முடிந்த பிறகுதான் பழைய கந்தோர் நினைவுக்கு வந்தது.

நான் கண்டியில் ஒரு திணைக்களத்தில் தமிழ் மொழிபெயர்ப்புப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவன். பிரிவு என்றால் நானும் இன்னொருவரும்தான். அவர் என்னைவிட இளைய பெண்; பன்வில பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, சோதனை எழுதி வந்தவர். சிங்களத்தை என்னைவிட நன்றாகப் பேசுவார், வேகமாக மொழிபெயர்ப்பார். தமிழ் எழுத்துரு என் கணினியில் மட்டும்தான் இருந்தது. கடிதத் தலைப்பும் அறிவித்தல் மாதிரிகளும் என் கணினியில் மட்டும்தான் இருந்தன. எல்லாவற்றுக்கும் நான் கடவுச்சொல் போட்டிருந்தேன். அவர் எழுதியதை என் மேசைக்குக் கொண்டுவர வேண்டும். நான் அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றி, என் குறியொப்பத்துடன் மேலே அனுப்புவேன்.

பாதுகாப்புக்கு என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நான் இல்லாவிட்டால் அந்தக் கந்தோரில் தமிழ் நடக்காது என்பது எனக்கு இனிப்பாக இருந்தது. நான் லீவில் போனால் தமிழும் லீவில் போகும். திரும்பி வரும்போது எல்லோரும் என்னைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அதற்காகத்தான்.

ஒருமுறை ஊர்க்கோயில் தேருக்கு யாழ்ப்பாணம் போயிருந்தேன். அந்தக் கிழமை தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர் எடுக்கும் அறிவித்தல் வந்திருந்தது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளியே போய்விட்டது. அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"சேர், அந்தப் பாஸ்வேர்ட மட்டும் சொல்லுங்க. நான் அடிச்சு அனுப்பிடுறேன். திங்கக்கிழமையோட முடியுது சேர்."

"அவசரப்படாதையும் பிள்ளை. பிழைவிட்டா கீழ இருக்கிறது என்ர ஒப்பமல்லோ. நான் வந்து பாக்கிறன்."

"நீங்க வார நேரம் முடிஞ்சிடும் சேர்."

"திகதியை நீடிப்பினம். எப்பவும் நீடிக்கிறவைதானே."

நீடிக்கவில்லை. அவர் அதைக் கையால் எழுதி மேலதிகாரியிடம் கொண்டுபோயிருக்கிறார். கையெழுத்துப் பிரதியில் மேலதிகாரி ஒப்பமிட மறுத்துவிட்டார். நான் வந்து, கடவுச்சொல்லை அடித்து, தமிழ் அறிவித்தலை அனுப்பியபோது திகதி போய்விட்டிருந்தது. மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டார். "கணினிக் கோளாறு" என்றேன். அந்த இளையவர் என் பக்கத்தில்தான் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். 

அடுத்த கிழமை பன்வில பக்கத்திலிருந்து சில பெண்பிள்ளைகள் சான்றிதழ்களைப் பொலித்தீன் உறையில் சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து விறாந்தையில் நின்றார்கள். "தமிழ் நோட்டீஸ் இப்பதாங்க வந்திச்சி" என்றார்கள். கணினிக் கோளாறு என்பதை அவர்களுக்கும் சொன்னேன். யன்னலுக்கு உள்ளே இருந்துகொண்டே சொன்னேன்.

அந்த ஓய்வுபெற்ற அதிகாரிதான் இப்போது "தேத்தண்ணி ஆறுது" என்ற வரியைப் பார்த்துக் கதிரையில் துள்ளிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு சில நாட்கள் கழித்து, என் மனைவி இருக்கிற வட்சப் குழுவொன்றில் ஒரு லிங்க் வந்தது. தோட்டப்புற இளையவர்களுக்குத் தாதி உதவியாளர் பயிற்சி, இலவசம், விண்ணப்ப முடிவு நெருங்கிவிட்டது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது, தமிழில் இல்லை. சிங்களம் தெரிந்தவர்கள் மொழிபெயர்க்க வாருங்கள், இன்று பின்னேரம் பஸ் போவதற்குள் பிரதியெடுத்துத் தோட்டங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தது. எழுதியவர் என்னோடு வேலை செய்த அவர்தான். அவரும் ஓய்வுபெற்றுவிட்டார். அக்குறணை, ஹந்தானை, பன்வில என்று ஆட்களைச் சேர்த்து இப்படி ஒரு குழுவை நடத்துகிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

மனைவி எனக்கென்று டெப்பில் போட்டுத் தந்திருந்த புதுக் கணக்கால் லிங்கைத் தொட்டேன். பக்கம் திறக்கவில்லை. உங்களுக்கு அனுமதி இல்லை, உரிமையாளரிடம் கேளுங்கள் என்று வந்தது. கீழே ஒரு சின்னப் பெட்டி. விரும்பினால் ஒரு செய்தியும் எழுதலாமாம்.

விரலை எடுத்துவிட்டு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். 

"என்ன முழிக்கிறியள்? என்ர கணக்கால போங்கோவன். என்னை எப்பவோ சேர்த்திட்டா" என்றாள் மனைவி.

போயிருக்கலாம். அவளுடைய பெயரில் நுழைந்து, இரண்டு வரி திருத்திவிட்டு, நல்ல காரியம் செய்தேன் என்று மத்தியானம் நிம்மதியாகப் படுத்திருக்கலாம். ஆனால் அப்படிப் போனால் அவர் என்னைச் சேர்த்துக்கொள்வாரா மாட்டாரா என்பது எனக்குத் தெரியாமலே போய்விடும். எனக்குத் தெரிய வேண்டும் போலிருந்தது.

"வேண்டாம். நான் கேட்டுப் போறன்" என்றேன்.

பெட்டிக்குள் வணக்கம் எழுதினேன், அழித்தேன். மழை எப்படி என்று எழுதினேன், அழித்தேன். கடைசியில் இப்படி எழுதினேன்: "நான் உங்கள் பழைய கந்தோர்க்காரன். ஆசிரிய உதவியாளர் அறிவித்தல் பிந்தியதற்குக் கணினிக் கோளாறு காரணமில்லை. கடவுச்சொல்லைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதுதான் காரணம். உள்ளே வரலாமா?"

மனைவி என் தோளுக்கு மேலால் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் கோளாறெண்டுதானே சொன்னனீங்கள்."

"ஓம்."

"அப்ப அந்தக் கிழமை முழுக்க உங்களுக்காக அந்தக் கணினியைத் திட்டிக்கொண்டு திரிஞ்சது நான்தான்."

"ஓம்."

"அதிட்டயும் மன்னிப்புக் கேளுங்கோ" என்றுவிட்டு அடுப்படிக்குப் போனாள். கோபமா பகிடியா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் பொத்தானை அமத்தினேன்.

காத்திருந்த நேரம் எவ்வளவு என்று தெரியாது. ஒழுங்கையில் பாண்காரரின் ஆட்டோ இசையோடு ஏறி, அதே இசையோடு இறங்கிவிட்டது. பிறகு தொலைபேசி அடித்தது.

"சேர், நல்லா இருக்கீங்களா?"

குரல் மாறவே இல்லை.

"இருக்கிறன். நீங்கள் எப்படி இருக்கிறியள்?"

"நீங்களா? என்னா சேர், புதுசா மரியாதையெல்லாம்? அப்ப பிள்ளை, அவசரப்படாதையும்னுதானே சொல்லுவீங்க."

 அவர் சிரித்தார். முழுச் சிரிப்பல்ல.

"அந்தப் பொட்டியில எழுதினதப் படிச்சேன். எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? போன் பண்ணினவளே நான்தானே."

"உங்களுக்குத் தெரியும். நான் சொல்லேல்லை. அதுக்குத்தான் எழுதினனான்."

"சரி, சொல்லிட்டீங்க. அன்னைக்கி வராந்தாவுல நின்ன புள்ளைங்க ஞாபகம் இருக்கா? அதுங்களுக்கு இப்ப வளந்த புள்ளைங்க இருக்கு சேர். அதுல ரெண்டு மூணு பேரு இந்த நோட்டீசுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க."

மழைச்சத்தம் அவருடைய பக்கத்திலும் கேட்டது.

"இப்ப நான் உங்களுக்குத் தொறந்து விடுறேன். ஆனா கருத்துச் சொல்லத்தான். எழுத்துல கை வைக்க ஏலாது. சரியா?"

"சரி."

"கோவமா சேர்?"

"இல்லை."

"எனக்குக் கொஞ்சம் இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும். பஸ்ஸு போறதுக்குள்ள முடிக்கணும். வாங்க."

பக்கம் திறந்தது.

அந்தக் காட்சியை எப்படிச் சொல்வது? மூன்று நிரல்கள்: சிங்களம், ஆங்கிலம், தமிழ். தமிழ் நிரல் பாதிதான் நிரம்பியிருந்தது. அதற்குள் நிறம் நிறமாகச் சின்னக் கோடுகள் துடித்தன, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பெயர்ப்பட்டி. பச்சைக் கோடு அக்குறணையில் துணிக்கடை வைத்திருப்பவர். கடையில் ஆள் வந்தால் கோடு நிற்கும், ஆள் போனதும் பாயும். ஊதா ஹந்தானைத் தோட்டப் பாடசாலை ஆசிரியை. சிவப்பு அவர். எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே தாளில். மேலே ஒருவர் வசனத்தைத் தொடங்க, கீழே இன்னொருவர் முடித்துக்கொண்டிருக்க, நடுவில் ஒருவர் காற்புள்ளி வைத்தார்.  கந்தோரில் சுற்றுநிருபம் எப்போதும் சிங்களத்தில் முடிந்து, ஆங்கிலத்தில் முடிந்து, கடைசியாகத்தான் தமிழுக்கு வரும். இங்கே தமிழ் அவற்றுக்குப் பக்கத்திலேயே இருந்து வளர்ந்துகொண்டிருந்தது.

கை வைக்க முடியாது என்பதால் கண் வைத்தேன். அது நல்லதாகப் போயிற்று. பழைய நான் என்றால் மற்றவர் எழுதியதை என் பாணிக்கு மாற்றுவதிலேயே பொழுதைப் போக்கியிருப்பேன். இப்போது செய்ய முடிந்தது மூலத்தை வாசிப்பது மட்டும். சிங்கள நிரலை வரி வரியாக வாசித்தேன். விண்ணப்பதாரர் கொடுக்க வேண்டிய விபரங்களில் நின்றேன். ஆங்கிலத்தில் நிரந்தர முகவரிக்கு அத்தாட்சி வேண்டும் என்றிருந்தது. தமிழும் அதைப் பார்த்து அப்படியே வந்திருந்தது. சிங்களத்தில் அப்படி இல்லை. கடிதம் கிடைக்கக்கூடிய முகவரி என்றுதான் இருந்தது. அத்தாட்சி என்ற சொல்லே இல்லை.

லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிறவர்களுக்குத் தனி முகவரி ஏது? முழுத் தோட்டத்துக்கும் ஒரே முகவரி. கடிதம் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது போனால்தான் உண்டு. நிரந்தர முகவரிக்கு அத்தாட்சி என்று வாசித்தவுடனேயே பாதிப் பிள்ளைகள் தாளை மடித்து வைத்துவிடுவார்கள்.

கருத்துப் பெட்டியைத் திறந்து, அத்தாட்சியை எடுத்துவிடலாம், கடை, கோயில் முகவரியும் போதும் என்று எழுதினேன். பதற்றத்தில் நீளமாகிவிட்டது. பச்சைக் கோடு உடனே கீழே பதில் போட்டது: "சேர் பெரிய ஆள் போல ஈக்கு. கருத்துப் பெட்டிக்குள்ள ஒரு கட்டுரையே ஈக்கே!"

ஊதா: "ஆனா சேர் சொல்றது சரிங்க. சிங்களத்துல அத்தாட்சின்னு இல்ல."

சிவப்புக் கோடு அசையவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அது மெல்ல நகர்ந்து அந்த வரிக்கு வந்தது. "நிரந்தர முகவரிக்கான அத்தாட்சி" என்பது கடைசியிலிருந்து எழுத்தெழுத்தாக மறைந்தது. அந்த இடத்தில், "கடிதம் கிடைக்கும் முகவரி. தோட்டத்தில் இருப்பவர்கள் உறவினர், கடை, கோயில் முகவரியும் கொடுக்கலாம். தொலைபேசி இலக்கத்தையும் எழுதவும்" என்று வந்தது. என் கட்டுரை மறைந்தது. "தீர்ந்தது" என்ற அடையாளம் மட்டும் ஒரு கணம் மின்னியது.

பிறகு சிவப்பிடமிருந்து ஒரு சின்னக் கேள்வி: "சேர், கட முகவரி குடுக்கலாம்னு பொறுப்பானவங்கக்கிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அறிவித்தலில் இருந்த இலக்கத்துக்கு நானே எடுத்துச் சிங்களத்தில் கேட்டேன். கடிதம் கைக்குக் கிடைத்தால் போதும் என்றார் ஒரு அம்மையார். அதைக் கருத்தில் ஒரே வரியில் எழுதினேன். பச்சைக் கோடு, "மாஷா அல்லாஹ், சேர் சுருக்கமாவும் எழுதுவார்" என்றது.

அன்று பஸ் போவதற்கு முன்னே அக்குறணைத் துணிக்கடைக்குப் பக்கத்திலேயே பிரதியெடுத்தார்கள். அதற்கும் முன்னே அது தோட்டங்களில் கைபேசிகளுக்குப் போய்விட்டது. எந்தக் கைபேசியிலும் தமிழ் சிதறவில்லை. நான் மத்தியானச் சோற்றை மறந்திருந்தேன். மனைவி கோப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "இனி உங்களை இதிலயிருந்து எழுப்பேலாது" என்றாள்.

அவள் சொன்னது சரி. அடுத்தடுத்த கிழமைகளில் லிங்க் வரும்போதெல்லாம் போனேன். ஒவ்வொரு முறையும் கருத்துச் சொல்லும் அனுமதிதான். மன்னிப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மாற்ற வேண்டும் என்று கை பரபரக்கும், முடியாது, நியாயம் சொல்லிக் கேட்க வேண்டும். சிலவற்றை ஏற்றார்கள், பலவற்றைச் சிரித்துத் தள்ளினார்கள்.

போன மாதம் கிளினிக் நேரமாற்றம் பற்றிய ஓர் அறிவித்தல். வாசித்துக்கொண்டிருந்தவன் தேத்தண்ணிக்கு எழும்பும்போது மூக்குக்கண்ணாடிக் கூட்டை, டெப்போடு இணைத்திருந்த விசைப்பலகையின் மேல் வைத்துவிட்டேன். திரும்பி வந்தால் பக்கம் அமர்க்களப்பட்டுக் கிடந்தது. அறிவித்தலின் நடுவில் ககககககக என்று ஒரே எழுத்து வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது.

"யா அல்லாஹ், இது யாரு வேல?" பச்சை கேட்டிருந்தார். "நோட்டீஸ் முழுக்கக் காக்கா கத்துது!"

"ஏதாச்சும் சிஸ்டம் கோளாறா இருக்கும்" என்று ஊதா எழுதியிருந்தார்.

கூட்டை எடுத்தேன். ஓட்டம் நின்றது. ஊதா எழுதியதைத் திரும்ப வாசித்தேன். அன்புள்ள பெண், தெரியாமல் என் பழைய பொய்யையே எடுத்து எனக்குத் தந்திருந்தார்.

"கோளாறு இல்லை," என்று எழுதினேன். "நான்தான். கண்ணாடிக் கூட்டை விசையில் வைத்துவிட்டேன்."

எழுதிய பிறகுதான் உறைத்தது. கருத்துச் சொல்ல மட்டும் அனுமதி உள்ளவனின் கூடு அறிவித்தலுக்குள் எப்படி எழுதும்? மேல் மூலையைப் பார்த்தேன். அனுமதி மாறியிருந்தது. எப்போது மாற்றினாரோ, அன்றா, அதற்கு முதல் கிழமையா, தெரியவில்லை. ஒரு சொல்லும் சொல்லாமல் திறந்து விட்டிருக்கிறார். நான் கதவைத் தள்ளிப் பார்க்காமலே வெளியில் நின்றிருக்கிறேன்.

சிவப்புக் கோடு அந்தக் ககரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கருத்துப் பெட்டியில் அவருடைய வரி வந்தது: "நீங்களே அழிச்சிடுங்க சேர்."

ஒரே அமத்தில் எல்லாவற்றையும் அழிக்கலாம் என்று எனக்குத் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக அழித்தேன். எல்லாக் கோடுகளும் அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

"பாத்து சேர்," பச்சை எழுதினார், "அப்படியே எங்கட வரியையும் சேத்து முழுங்கிடாதீங்க."